கரையான் என்று நான் சொன்ன வீடு

எங்கள் ஊரில் பிடித்த வீட்டுக்குள் நுழையும்போது முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொள்ள வேண்டும். சனிக்கிழமைகளில் விற்கப்போகும் வீட்டின் கதவை அரைமணி நேரம் திறந்துவிடுவார்கள். யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம், அலமாரியைத் திறக்கலாம், குழாயைத் திருகலாம். வாங்க ஆசைப்படுகிறவர்கள் உச்சுக்கொட்டிக்கொண்டே நடப்பார்கள். வாங்கும் உத்தேசமே இல்லாத அக்கம்பக்கத்துக்காரர்கள்தான் "எவ்வளவு வெளிச்சம் பாரேன்" என்று புகழ்வார்கள். மெல்பர்னின் மேற்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

என் புருஷன் பிளாகோவுக்குத்தான் அந்த வித்தை சுட்டுப்போட்டாலும் வராது. மாசிடோனியாவிலிருந்து வந்தவன், பேக்கரியில் வேலை, மனதில் இருப்பதெல்லாம் முகத்தில் எழுதியிருக்கும். அன்று நாங்கள் பார்க்கப் போன டரெல்லா தெரு வீட்டின் பின்கட்டுக்கு வந்து அந்தப் பெரிய தோட்டத்தையும் தகரக் கொட்டகையையும் பார்த்ததும் அப்படியே உருகி நின்றான். அவன் ஏன் உருகினான் என்று எனக்குத் தெரியும். கோடை முடிகிற சமயம் மூட்டை மூட்டையாகச் சிவப்புக் குடைமிளகாய் வாங்கித் தீயில் சுட்டு, தோலுரித்து, அரைத்துப் பாட்டில்களில் அடைக்காவிட்டால் அவன் ஊர்க்காரர்களுக்கு வருஷமே விடியாது. வாடகை வீட்டில் அதைச் செய்யப்போய், புகை என்று பக்கத்து வீட்டுக்காரி புகார் கொடுத்து, எங்களைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். அது எங்களுக்கு ஐந்தாவது வாடகை வீடு. இனி இன்னொருவன் வீட்டில் நான் பெட்டி பிரிக்கமாட்டேன் என்று சபதம் போட்டிருந்தேன்.

"நீ வாயத் திறக்காத. மூஞ்சியையும் அந்தப் பக்கம் திருப்பிக்கோ. பேசுறத நான் பாத்துக்கறேன்" என்றேன்.

நான் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். பின்சீட்டுச் சண்டையை ஸ்டியரிங்கை விட்டுத் திரும்பாமலே அடக்குகிற குரல். அந்தக் குரலை எடுத்துக்கொண்டு அறை அறையாக நடந்தேன்.

"தரை எப்படிச் சரியுது பாரு, பிளாகோ! பட்டாணியப் போட்டா தானா வாசலுக்கு ஓடும்."

டேப் வைத்து அளந்துகொண்டிருந்த ஒருவர் அளப்பதை நிறுத்தினார்.

"இந்தச் சுவரத் தொட்டுப் பாரு. ஈரம். மழைக்காலத்துல காளான் பயிர் பண்ணலாம். இதுக்கு எட்டு லட்சம் டாலராம்! கேக்குறவனுக்கு வெக்கமே இல்லையா?"

வீட்டை விற்றுத்தரும் கிரேடன் வாசலில் நின்று என்னைப் பார்வையாலேயே சுட்டான். எனக்குக் குஷி ஏறிவிட்டது. நடு அறையில் ஒரு இளம் ஜோடி ஜன்னலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. பெண் நர்ஸ் உடையில் இருந்தாள், அவன் அவள் தோளில் கை போட்டிருந்தான். கட்டில் எங்கே போடலாம் என்கிற பேச்சு. அது ஆபத்தான பேச்சு. கட்டில் போட இடம் பார்த்துவிட்டவர்கள் வீட்டை விடமாட்டார்கள்.

அவர்கள் காதில் விழும்படி, குரலைக் கொஞ்சம் தாழ்த்திச் சொன்னேன். "எங்க டிப்போவுல ஒருத்தர் இந்தத் தெருவுலதான் இருந்தாரு. இந்த வரிசை பூரா கரையானாம். அடியில ஒண்ணுமே மிச்சமில்லன்னு வித்துட்டு ஓடிட்டாரு."

எங்கள் டிப்போவில் அப்படி ஒருவரும் கிடையாது. அந்த ஜோடி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது, பிறகு வெளியே போய்விட்டது. டேப்காரர் அவர்களுக்கு முன்பே போயிருந்தார். காரில் ஏறியதும் என்னை நானே மெச்சிக்கொண்டேன். பிளாகோ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். களைத்துப் போயிருப்பான் என்று நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை சாப்பிடும்போது சொன்னான்.

"அந்த வீட்ட விட்டுருவோம், நெரி."

"ஏன்யா? நீதானே வாயப் பொளந்துகிட்டு நின்ன?"

"கரையான் இருக்குன்னு நீதானே சொன்ன?"

"லூசு! அது நடிப்பு. ஆளுங்கள விரட்டச் சொன்னது."

"தரை சரியுதுன்னு சொன்னது?"

"அது நிஜம்."

"சுவத்துல ஈரம்?"

"அதுவும் நிஜம்தான்."

"அப்ப கரையான் மட்டும் எப்படிப் பொய்யாகும்? மூணையும் ஒரே மாதிரிதான் சொன்ன."

"சத்தியமா பொய். அடியில என்ன இருக்குன்னு எனக்கு என்ன தெரியும்?"

"அதான். உனக்கும் தெரியல." தட்டைத் தள்ளி வைத்தான். "பத்தொன்பது வருஷமா நீ சொன்னதுன்னா நான் ரெண்டாவது தடவை யோசிச்சதில்ல. உன் வாய் பொல்லாததுதான், ஆனா பொய் வராதுன்னு இருந்தேன். அன்னிக்கு நடு ரூம்ல பக்கத்துலதான் நின்னேன். எனக்கு வித்தியாசமே தெரியல, நெரி."

எனக்குச் சுருக்கென்றது. யாரையோ விரட்டப் போட்ட சத்தத்தில் என் வீட்டு ஆளின் மனசைக் கலைத்துவிட்டேன். கோபம்கூட வந்தது, இவ்வளவு அப்பாவியாக ஒருத்தன் இருப்பானா என்று. ஆனால் அந்த அப்பாவித்தனத்தின் நிழலில்தான் நான் இத்தனை வருஷம் சௌகரியமாக இருந்திருக்கிறேன். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் சரியில்லை.

மறுநாள் ஆள் வைத்து வீட்டைப் பரிசோதிக்கச் சொன்னேன். எங்கள் ஊரில் வீட்டை ஏலம் போட்டுத்தான் விற்பார்கள், சுத்தியல் விழுந்தால் விழுந்ததுதான், பிறகு பின்வாங்க முடியாது. அதனால் பார்ப்பதை முன்னாலேயே பார்த்துவிட வேண்டும். வந்தவர் தடிமனாக ஒரு அறிக்கை அனுப்பினார். படித்தால் தலை சுற்றியது. எட்டிய இடங்களில் கரையான் தென்படவில்லை, எட்டாத இடங்களைப் பற்றிச் சொல்வதற்கில்லை. வீட்டைத் தாங்கும் அடிக்கட்டைகளில் சிலவற்றுக்குக் கவனம் தேவைப்படலாம், தேவைப்படாமலும் போகலாம். அவர்மேல் வழக்கு வராதபடி எழுதியிருந்தாரே தவிர, நாங்கள் வாங்கலாமா என்பதற்கு அதில் பதில் இல்லை.

"நானே போய்ப் பாக்குறேன்" என்றான் பிளாகோ.

வியாழக்கிழமை மாலை கிரேடன் அலுத்துக்கொண்டே கதவைத் திறந்துவிட்டான். இந்தப் பக்கத்துப் பழைய மரவீடுகள் தரையில் உட்காருவதில்லை, குட்டையான கட்டைகளின்மேல் நிற்கும். பக்கச்சுவரின் கீழே இருந்த சின்னக் கதவு வழியாக பிளாகோ டார்ச்சும் சுத்தியலுமாகப் படுத்து நகர்ந்து உள்ளே போனான். நானும் கிரேடனும் கூடத்தில் நின்றோம். காலுக்கடியில் டொக், டொக் என்று சத்தம் கேட்டது.

"என்னய்யா இருக்கு?" என்று தரையைப் பார்த்துக் கத்தினேன்.

"இது நல்ல கட்டை!"

டொக்.

"இதுவும் நல்லது!"

வடக்குப் பக்கம் போனதும் சத்தம் மாறியது. ஈரமாக, பொத் பொத் என்று கேட்டது.

"இது போச்சு! இதுவும் போச்சு! கைய வச்சா உதிருது!"

"அவர் கீழ எதையும் உடைக்கலையே, நெரிடா?" என்றான் கிரேடன்.

"உடைக்கிறதுக்கு அங்க ஏதாவது முழுசா இருக்கணுமே" என்றேன்.

பிறகு சமையலறைக்கு அடியிலிருந்து பிளாகோ சிரிப்பது கேட்டது. அவன் சிரித்து ஐந்து நாளாகியிருந்தது.

"என்ன கண்டுட்ட?"

"ஜாக்கி! கார் டயர் மாத்துற ஜாக்கி ஒண்ணு இங்க நிக்குது! சமையலறையத் தாங்கிட்டிருக்கு! எண்ணெய் போட்டு, துணி சுத்தி, அவ்வளவு பத்திரமா வச்சிருக்காங்க!"

கிரேடன் காது சிவந்தது. "வீட்டுக்காரப் பெரியவர் ஸ்டோக்ஸ் வேலைதான். வருஷா வருஷம் கீழ போய் ஒரு திருகு திருகிட்டு வருவாராம். இப்ப பொண்ணு வீட்டுக்குப் போயிட்டாரு. நான் இதை விளம்பரத்துல போட முடியாது பாருங்க."

அப்போதுதான் கவனித்தேன். வீடு முழுக்கச் சரிந்தாலும் சமையலறைத் தரை மட்டும் சமமாக இருந்தது. ஸ்டோக்ஸ் என்கிற அந்த மனிதரை நான் பார்த்ததேயில்லை. ஆனால் அவர்மேல் திடீரென்று ஒரு பிரியம் வந்துவிட்டது.

பிளாகோ தலையெல்லாம் ஒட்டடையோடு கூடத்துக்கு வந்தான். முட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு, கிரேடன் நிற்கிறான் என்கிற நினைப்பே இல்லாமல் சொன்னான். "கரையான் இல்ல. மூலை முடுக்கெல்லாம் பாத்துட்டேன். வடக்குப் பக்கக் கட்டை மொத்தமும் மாத்தணும், முப்பதாயிரம் வாங்கிடும். ஈரம் உடைஞ்ச குழாய்லேருந்து வருது. விலை ரொம்ப ஜாஸ்தி. எனக்கு இந்த வீடு வேணும், நெரி."

"சத்தமாச் சொல்லாதய்யா!" என்று அவன் வாயைப் பொத்தினேன். கிரேடன் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றான், பெரிய மனுஷன்தான்.

பேங்க் கொடுப்பது, எங்களிடம் இருப்பது, கட்டைக்கு ஒதுக்குவது எல்லாம் போக, எட்டு லட்சத்து இருபதாயிரத்தைத் தாண்டினால் விட்டுவிடுவது என்று முடிவு செய்தோம். என் நடிப்பின் புண்ணியத்தில் போட்டிக்கு ஆள் இருக்காது, எட்டு லட்சத்துக்குள் முடித்துவிடலாம் என்று எனக்கு நம்பிக்கை இருந்தது.

ஏல நாள் காலை நல்ல குளிர். வழக்கம்போலத் தெருவே வேடிக்கை பார்க்க வந்திருந்தது. பாதிப் பேர் வீட்டு அங்கியும் செருப்புமாக, கையில் காபியோடு நின்றார்கள். வாங்குகிற முகம் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. எனக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. அப்போது அந்த இளம் ஜோடி வந்தது. அவள் நேராக என்னிடம் வந்தாள்.

"அன்னிக்குக் கரையான் பத்திச் சொன்னது நீங்கதானே? நான் ஹிருத். இவரு டாவிட். நீங்க சொன்னதும் பயந்துபோய் வேற வீடெல்லாம் பாத்தோம், ஒண்ணும் அமையல. மனசு இங்கயே சுத்துது. ஏங்க, அந்தக் கரையான் மருந்தடிச்சா போயிடுமா?"

பிளாகோ என் பக்கத்தில் நின்றான். என்னைப் பார்க்கவில்லை, தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"போகாதும்மா" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வீடு எங்களுக்கு, அதுவும் மலிவாக. நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. இந்த வீட்டை நான் எவ்வளவு ஆசைப்பட்டேன் என்பதை அந்த நொடியில்தான் முழுசாக உணர்ந்தேன். கூடவே இன்னொன்றும் புரிந்தது. அந்த வார்த்தையைச் சொல்லி வாங்கினால், பிளாகோ அந்த வீட்டில் என்னோடு இருப்பான், ஆனால் நான் சொல்வது எதையும் அப்படியே எடுத்துக்கொள்ளமாட்டான்.

"கரையான் இல்ல. நான் பொய் சொன்னேன்" என்றேன்.

"எதுக்கு?"

"வீடு எனக்கு வேணும்னுதான்."

ஹிருத் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "மோசமான பொம்பளைங்க நீங்க."

"இப்பத்தான் தெரியுதா? ஆனா வடக்குப் பக்கக் கட்டை உளுத்துப் போனது நிஜம். இவன் கீழ போய்ப் பாத்துட்டு வந்திருக்கான். இவனையே கேளுங்க. இவனுக்குப் பொய் சொல்ல வராது."

அந்தப் புண்ணியவானும் ஒன்று விடாமல் சொன்னான். ஜாக்கி, குழாய், முப்பதாயிரம், கைபேசியில் எடுத்த படம் முதற்கொண்டு. எதிராளிக்கு இப்படிப் பாடம் எடுக்கிறவனை நான் கட்டிக்கொண்டிருக்கிறேன் என்று பல்லைக் கடித்தேன்.

கிரேடன் ஏலத்தைத் தொடங்கினான். ஏழரை லட்சத்தில் பிளாகோ கை தூக்கினான், குரல் கீச்சென்று வந்தது. டாவிட் ஏற்றினான். நாங்கள் ஏற்றினோம். எட்டு லட்சத்தைத் தாண்டியபோது காபிக் கோப்பைகள் எல்லாம் அசையாமல் நின்றன. எட்டு லட்சத்துப் பதினைந்தாயிரம் என்றான் பிளாகோ. எங்களுக்கு இன்னும் ஒரே ஒரு படிதான் பாக்கி. டாவிட்டும் ஹிருத்தும் குசுகுசுவென்று பேசினார்கள். பிறகு ஹிருத் கூட்டத்தைத் தாண்டி பிளாகோவைப் பார்த்துக் கத்தினாள்.

"முப்பதாயிரம் நிச்சயமா ஆகுமா?"

தெருவே சிரித்தது. பிளாகோ சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்தான். குறைத்துச் சொன்னால் அவர்கள் ஏற்றுவார்கள், கூட்டிச் சொன்னால் ஓடுவார்கள்.

"ஆகும். முப்பதுக்கு மேல போகாதுன்னுதான் நெனைக்கிறேன்" என்றான்.

"ஏலத்துக்கு நடுவுல அரட்டை வேணாம்!" என்று கிரேடன் அதட்டினான். டாவிட் ஹிருத்தைப் பார்த்தான், அவள் வேண்டாம் என்று மெல்லத் தலையசைத்தாள். கையை இறக்கிவிட்டான். கிரேடன் மூன்று முறை கேட்டான். பிறகு சுருட்டிய காகிதத்தை உள்ளங்கையில் படாரென்று அடித்தான். வீடு எங்களுக்கு.

ஹிருத் என்னிடம் வரவில்லை, பிளாகோவிடம் வந்தாள். "கட்டைக்கெல்லாம் எங்ககிட்ட காசில்ல. தெரியாம வாங்கியிருந்தா மாட்டியிருப்போம். அடுத்த சனிக்கிழமை இன்னொரு வீடு பாக்குறோம். நீங்க கீழ போய்ப் பாத்துச் சொல்வீங்களா?"

"வர்றேன்" என்றான் பிளாகோ, என்னைக் கேட்காமலே.

"இவங்கள மட்டும் கூட்டிட்டு வராதீங்க" என்று என்னைக் காட்டிச் சிரித்தாள். எனக்கு ரோஷம் வந்தாலும் சிரித்துவைத்தேன்.

கையெழுத்துப் போடச் சமையலறைக்குப் போனோம். கிரேடன் மேஜையில் காகிதங்களைப் பரப்பி, எங்கெங்கே போட வேண்டும் என்று விரல் வைத்துக் காட்டினான். பிளாகோ பேனாவை எடுத்தான், ஆனால் போடவில்லை.

"நெரி, சொல்லு. இந்த வீடு இந்த விலை பெறுமா?"

கிரேடன் மூச்சைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான். பெறும் என்று சொன்னால் எல்லோருக்கும் சௌகரியம்.

"பெறாது" என்றேன். "ஆனா எனக்கும் வேணும்."

பிளாகோ மறு கேள்வி கேட்கவில்லை. குனிந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை என்னிடம் கொடுத்தான்.