கால்பட்டையின் இறுக்கம்

வித்யாலட்சுமிக்கு முதலில் கோபம் வந்தது வெட்சூட்டின் மேல்தான். மூன்றாவது தடவையாக வந்திறங்கியது அது, தண்ணீரில் குளிர் தாங்க உடம்போடு ஒட்டப் போடும் கறுப்பு ரப்பர் உடை. முதலில் வந்தது இடுப்பில் தொளதொளவென்று நின்றது. தளர்ந்த வெட்சூட்டுக்குள் தண்ணீர் புகுந்து குளிரெடுக்கும், போட்டும் போடாத கதைதான். இரண்டாவது தொடையைத் தாண்டவே மறுத்தது. அளவு அட்டவணை போட்ட புண்ணியவான், ஐந்தடி ஓரங்குலத்தில் இரண்டு பிள்ளை பெற்ற பெண் ஒருத்தி உலகத்தில் இருக்கக்கூடும் என்று கனவிலும் நினைத்திருக்க மாட்டான். மூன்றாவதற்குள் நுழைய ஈஜிபுரா வீட்டின் குளியலறையில் இருபது நிமிடம் மல்லுக்கட்டினாள். கழற்ற முடியாமல் கணவன் ரகுராமைக் கூப்பிட வேண்டியதாயிற்று.

ஒரு காலைப் பிடித்து இழுத்துக்கொண்டே அவன், "இவ்ளோ கஷ்டப்பட்டு ஏரியில விழறதுக்கு, சும்மாவே விழலாமே வித்யா," என்றான்.

அவள் மறு காலை நீட்டினாள். வாயைத் திறந்தால் வார்த்தை தடித்துவிடும்.

விஷயம் இதுதான். ஆனேக்கல்லைத் தாண்டி ஓர் ஏரியில் சிறிய விண்ட்சர்ஃபிங் கிளப் ஒன்று இருக்கிறது. வாரமெல்லாம் வைட்ஃபீல்டில் மென்பொருள் சோதித்துக் களைத்த வித்யா, ஞாயிறானால் அங்கே பாய் கட்டிய பலகையில் ஏறி நிற்பாள். ஆகஸ்டில் கடலில் நடக்கும் பந்தயத்துக்குக் கிளப்பிலிருந்து நான்கு பேர் போகிறார்கள். மூன்று பேர் முடிவாகிவிட்டது. நான்காவது இடம் அவளுக்கா, வங்கியில் வேலை பார்க்கும் சஞ்சய்க்கா என்பதுதான் பாக்கி. போன வருடமும் இப்படித்தான் ஒரு இடம் மிச்சமிருந்தது. கடைசியில் அவள் பெயரை அடித்துவிட்டார்கள். முப்பத்தெட்டு வயதுவரை எந்தப் பட்டியலிலும் அவள் பெயரை யாரும் உரக்க வாசித்ததில்லை. இந்தத் தடவை வாசிக்கவேண்டும் என்று ஆசைப்பட்டாள். வெட்கமில்லாமல் ஆசைப்பட்டாள்.

போன வருடம் அவளைக் கவிழ்த்தது கால்பட்டை. காற்று வலுத்தால் பலகை தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் பறக்கும். அப்போது பலகையில் பதித்திருக்கும் பட்டைகளுக்குள் இரண்டு பாதங்களையும் நுழைத்துக்கொள்ளவேண்டும், இல்லாவிட்டால் ஆள் ஒரு பக்கம், பலகை ஒரு பக்கம். பயிற்சியாளர் கிளெமென்ட், கண்டோன்மென்ட் பக்கத்து மனிதர், நிதானமாகப் பேசுபவர், எல்லோருக்கும் ஒரே பாடத்தைத்தான் சொல்வார்: "விரல் மட்டும் அந்தப் பக்கம் எட்டிப் பாக்கணும். கணுக்கால் வரைக்கும் உள்ள போச்சுன்னா, விழும்போது கால் முறுக்கிக்கும். ரொம்ப டைட்டா வெச்சாலும் வெளிய வராது."

அதனால் இரண்டு மாதமாக வித்யா வீட்டு ஹாலிலேயே ஒரு பலகையில் பட்டைகளை அடித்துவைத்து வெறுங்காலோடு பழகினாள். வீட்டிலிருந்தே சேரும் அலுவலகக் கூட்டங்களில் மைக்கை அணைத்துவிட்டு, குனிந்து பார்க்காமல் கால் உள்ளே, கால் வெளியே. கச்சிதமாக வந்தது.

பூட்ஸ் வாங்கியதிலும் ஒரு போராட்டம். அந்த ஏரியின் அடியில் பீர் பாட்டில் சில்லுகள் ஏராளம். வெறுங்காலோடு இறங்கக்கூடாது என்பது கிளப்பின் சட்டம். மெல்லிய அடிப்பாகம் உள்ளதாக வாங்கச் சொல்லியிருந்தார் கிளெமென்ட், அப்போதுதான் பலகை காலுக்குத் தெரியுமாம். வித்யாவுக்குச் சில்லுதான் கண்ணுக்குத் தெரிந்தது. தடித்த அடியோடு, மழைக்காலத்துக் கம்பூட் மாதிரி ஒன்றை வாங்கிவந்தாள். அதைப் போட்டுக்கொண்டு ஹால் பலகையில் ஏறப் போனவளை மாமியார் மங்களம் நிறுத்தினாள். "வீட்டுக்குள்ள செருப்போடயா?"

"புதுசு அத்தை. இன்னும் மண்ணுலயே படல."

"புதுசா இருந்தாலும் செருப்பு செருப்புதான். வாசல்ல போய்ப் போட்டுப் பாரு."

நியாயமாகச் சொன்னால் வித்யாவுக்கே மனம் வரவில்லை. சாமி படம் இருக்கும் ஹால். வாசலிலோ பலகையைப் போட இடமில்லை. மாடிப்படியில் நான்கு படி ஏறி இறங்கிப் பார்த்தாள். கடிக்கவில்லை. பெட்டியில் வைத்துவிட்டாள்.

தேர்வு நாளன்று ஜூலைக் காற்று பேய்க்காற்றாக அடித்தது. கரையோர மரமேடையிலிருந்து கிளம்பி, சிவப்பு மிதவை வரை பட்டையில் இரண்டு காலோடும் போய்த் திரும்பவேண்டும். ஆளுக்கு இரண்டு வாய்ப்பு. சஞ்சய் முதல் தடவை விழுந்து, இரண்டாவது தடவை தத்தித் தடுமாறி முடித்தான். பார்க்கச் சகிக்கவில்லை. வித்யாவுக்குள் நம்பிக்கை துளிர்விட்டது. கிளப் பலகையின் பட்டைகளை, ஹாலில் பழகிய அதே அளவுக்கு, இரண்டு விரல் இறுக்கம் கூட்டி வைத்துக்கொண்டு கிளம்பினாள்.

காற்று பாயில் அறைந்தது. பலகை எழும்பியது. முன்காலைப் பட்டைக்குள் தள்ளினாள். தடித்த பூட்ஸ் பாதி போய் அடைத்துக்கொண்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. அந்த ஒரு கணம் குனிந்து பார்த்தாள், பாய் கவிழ்ந்தது, கூடவே அவளும். கால் மட்டும் பட்டைக்குள்ளேயே நின்றது. கணுக்கால் சுரீரென்றது. கிளெமென்ட் மோட்டார் படகில் வந்து பட்டையைப் பிரித்து விடுவித்து, மேடையருகே கொண்டுவந்து சேர்த்தார்.

"வீட்டுல சரியா இருந்துச்சு சார்," என்றாள் வித்யா.

சொல்லி முடிப்பதற்குள் காது கூசியது. அவள் பிழை கண்டுபிடித்துச் சொன்னால், எங்கள் சிஸ்டத்தில் ஓடுகிறதே மேடம் என்று தினமும் பத்துப் பேர் அவளிடம் வந்து நிற்பார்கள். அவர்களை அவள் ஒரு நாளும் சும்மா விட்டதில்லை. இன்றைக்கு அவளும் அதே ஆள்.

"அடுத்தது நீங்க ரெடியானதும்," என்று சொல்லிவிட்டு அவர் படகை மிதவைப் பக்கம் திருப்பினார்.

அவளுக்கு எல்லாவற்றின் மேலும் ஆத்திரம் பொங்கியது. பூட்ஸ் மேல், வெட்சூட் மேல், சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்ற சஞ்சய் மேல், முக்கியமாகத் தன் மேல். பூட்ஸைப் பிய்த்து எறிந்தாள். மேடையிலிருந்தே பலகையில் ஏறினாள், ஏரியின் அடித்தரையில் காலே படவில்லை.

இந்தத் தடவை கால் தானாக உள்ளே போனது. முன்கால், பின்கால். பலகை சீறிக்கொண்டு பறந்தது. மிதவையைச் சுற்றி, கால்களை எடுத்துத் திருப்பி, மறுபடி நுழைத்து, ஒரு தடுமாற்றம் இல்லாமல் மேடைக்கு வந்து நின்றாள். வருடக்கணக்கில் இவ்வளவு சந்தோஷமாக அவள் இருந்ததில்லை.

கிளெமென்ட் பின்னாலேயே வந்தார். அவளுடைய பாதங்களைப் பார்த்தார்.

"இந்தக் கிளப்புல இப்படி யாரும் ஓட்டி நான் பாத்ததில்ல மேடம். ஆனா செல்லாது. கடல்ல அங்க பூராவும் சிப்பிப் பாறை. பூட்ஸைக் கழட்டிப் போடற ஆளை நான் எப்படிக் கூட்டிட்டுப் போவேன்?"

"பூட்ஸோட கால் போகல சார். நீங்களே பாத்தீங்க. நான் வேற என்ன பண்றது?"

"பட்டையை லூஸ் பண்ணிட்டு வரேன்னு சொல்லியிருந்தா, எவ்ளோ நேரமானாலும் நின்னிருப்பேன்."

அவர் நோட்டில் சஞ்சயின் பெயரை எழுதிக்கொண்டு போய்விட்டார். வித்யா மேடையில் உட்கார்ந்தாள். பூட்ஸைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டாள். குனிந்து பட்டையைப் பிரித்தாள், தளர்த்தினாள், மூடினாள். கால் சுலபமாக உள்ளே போனது, வெளியே வந்தது.

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.