எட்டு சென்டிமீட்டர்

...சும்மா விளையாட்டுக்கு வச்ச பேர்தான், வேற ஒன்னும் இல்லம்மா, என்று அடித்துவிட்டு அனுப்பாமல் பார்த்துக்கொண்டு நிற்கிறேன், காலையிலிருந்து இது நான்காவது தடவை, அடிப்பதும் அழிப்பதுமாக, கட்டைவிரலுக்கே என் மேல் வெறுப்பு வந்திருக்கும். ஒரு வரிதானே? அனுப்பிவிட்டால் தீர்ந்தது. மேஸ்திரி தளத்தின் அந்தக் கோடியிலிருந்து, "சார், கான்கிரீட் லாரி பாலத்துக்கிட்ட மாட்டிக்கிச்சாம், இன்னும் அரை மணி நேரமாகும்" என்று கத்துகிறார், அவருடைய அரை மணி நேரம் ஒன்றரை மணி நேரம் என்று எனக்குத் தெரியும், மற்ற நாளாக இருந்தால் ஃபோனில் யாரையாவது பிடித்து எரிந்து விழுந்திருப்பேன். இன்றும் எரிச்சல்தான், ஆனால் வேறு எரிச்சல், லாரி வந்திருந்தால் தலைக்கு மேல் வேலை இருந்திருக்கும், இந்த ஃபோனைப் பைக்குள் போட்டுக்கொள்ள ஒரு சாக்குக் கிடைத்திருக்கும். கட்டி முடித்த கம்பிகள், ஆணி அடித்த பலகைகள், எல்லாம் தயார், நான் ஒருவன்தான் தயாராக இல்லை.

"அண்ணா, நான் கோணலோட தங்கச்சி" என்றுதான் காலையில் வந்த மெசேஜை ஆரம்பித்திருக்கிறாள். அவனுடைய சொந்தப் பெயரைச் சொல்லவில்லை, சொன்னால் எங்களுக்கு ஆள் தெரியாது என்று நினைத்திருப்பாள், அப்படி நினைத்ததும் தப்பில்லை. "உங்க க்ளாஸ் குரூப்ல நம்பர் வாங்கினேன். ஒன்னே ஒன்னு கேக்கணும். அண்ணனை ஏன் எல்லாரும் கோணல்னு கூப்பிட்டீங்க? அம்மா இப்பல்லாம் தினமும் அதையேதான் கேக்கறாங்க. எம்புள்ளைகிட்ட என்ன கோணலைக் கண்டாங்கன்னு. ஏதோ கெட்ட பழக்கம் இருந்திருக்கு, பெத்தவளுக்குத் தெரியாமப் போச்சுன்னு உக்காந்து அழறாங்க. ரெண்டு மூணு பேரைக் கேட்டேன், ஞாபகம் இல்லன்னுட்டாங்க. சர்வே கேம்ப்ல நீங்கதான் கூட இருந்தீங்கன்னு சொன்னாங்க." கெட்ட பழக்கமா, அவனுக்கா? பென்சிலின் பின்பக்கத்தைக் கடிப்பான், கடன் வாங்கிய பென்சிலையும் கடித்துத்தான் திருப்பித் தருவான், அவ்வளவுதான் தெரியும் எனக்கு. ஞாபகம் இல்லை என்று சொன்ன அந்த இரண்டு மூன்று பேர் மேல் பொறாமையாக இருக்கிறது. நானும் அப்படிச் சொல்லியிருக்கலாம். இன்னும்கூடச் சொல்லலாம்.

நண்பன் என்று சொல்ல முடியாது, அதைத்தான் முதலில் அவளிடம் சொல்ல வேண்டும்... வருகைப் பதிவேட்டில் எனக்கு அடுத்த எண், அதனால் எனக்கு அடுத்த பெஞ்சு, அடுத்த மேஜை, தேர்வில் அடுத்த நாற்காலி. நான் "உள்ளேன் ஐயா" சொன்னதும் அவன் சொல்வான், நான்கு வருடம் அவன் குரலை தினமும் கேட்டிருக்கிறேன், அந்த இரண்டு சொல் தவிர வேறு எதையும் அந்தக் குரல் சொல்லி இப்போது காதில் விழமாட்டேன் என்கிறது. வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டதில்லை. தங்கை இருக்கிறாள் என்பதே இன்று காலை ஏழு மணிக்குத்தான் எனக்குத் தெரியும், அவன் போய் இருபத்து மூன்று வருடம் கழித்து. முகமாவது ஞாபகம் இருக்கிறதா என்றால் இருக்கிறது, ஆனால் தலைகீழாக இருக்கிறது. எங்கள் கல்லூரியில் மட்டம் பார்க்க வைத்திருந்த கருவி தாத்தா காலத்துச் சாமான், அதன் குழாய் வழியே பார்த்தால் வானம் கீழேயும் தரை மேலேயும் தெரியும், அந்த முகாம் முழுக்க நான் குழாயில் கண்ணை வைத்திருந்தேன், அவன் ஐம்பதடி தள்ளி அளவுகோலைப் பிடித்துக்கொண்டு தலைகீழாகத் தொங்கினான், சிரித்தால் சிரிப்பும் தலைகீழ். எண் வரிசைப்படி இரண்டிரண்டு பேராகப் பிரித்ததால் வந்த கூட்டு, அவனும் என்னைத் தேர்ந்தெடுக்கவில்லை, நானும் அவனைத் தேர்ந்தெடுக்கவில்லை.

வேலை என்னவோ எளிதுதான். ஓர் இடத்தில் தொடங்கி, வழியெல்லாம் தரையின் உயரத்தை அளந்துகொண்டே ஊரைச் சுற்றி, தொடங்கிய இடத்துக்கே திரும்பி வர வேண்டும். திரும்பி வந்து கணக்குப் போட்டால் தொடங்கிய உயரமே வர வேண்டும், மண் ஒன்றும் நடுவில் எழுந்து உட்காராது. ஒருவன் நான்கு மீட்டர் அளவுகோலை நிமிர்த்திப் பிடிப்பான், ஒருவன் குழாய் வழியே அதில் எந்தக் கோடு தெரிகிறது என்று படித்து எழுதுவான். எல்லாம் தலைகீழாகத் தெரிவதால் எண்கள் மேலிருந்து கீழே ஏறும், அதைக் கண்ணுக்குப் பழக்கிக்கொள்ள வேண்டும், சர்வே சார் நூறு தடவை சொல்லியிருந்தார். மூன்றாம் நாள், பதினோரு மணி வெயில், ஒரு பள்ளிக்கூடத்துச் சுற்றுச்சுவர் மூலை, ஒன்று புள்ளி நான்கு என்ற குறி கண்ணுக்கு நேராகத் தெரிந்தது, குழாயின் குறுக்குக் கோடு அதிலிருந்து நான்கு கட்டம், அதாவது நான்கு சென்டிமீட்டர், தள்ளி இருந்தது, நான்கு கட்டம் கூட்ட வேண்டுமா கழிக்க வேண்டுமா என்று ஒரு நொடி நின்றிருந்தால் போதும்... நிற்கவில்லை, பசி, அந்த மூலையை முடித்தால் சாப்பாடு. ஒன்று புள்ளி நாற்பத்து நான்கு என்று எழுதினேன். ஒன்று புள்ளி முப்பத்தாறு என்று எழுதியிருக்க வேண்டும்.

சாயங்காலம் கணக்குப் பார்த்தால் எட்டு சென்டிமீட்டர் இடித்தது. மற்ற எல்லாக் குழுவுக்கும் மில்லிமீட்டரில் வந்திருக்க எங்களுக்கு மட்டும் எட்டு சென்டிமீட்டர். சார் என்னைப் பார்த்தார், நான் வகுப்பில் முதல் ஐந்து பேரில் ஒருவன், பிறகு அவனைப் பார்த்தார், அவன் பாதிக்குக் கீழே. "கோலை யார் பிடிச்சது?" என்றார். "நான் சார்." "எப்படிப் பிடிச்சே? முன்னால சாஞ்சா குழாய்ல தெரியாது, தெரியுமா உனக்கு? சாஞ்சா அளவு கூடும், தெரியுமா?" "நேராத்தான் சார் பிடிச்சேன்." "நேரா பிடிச்சா எட்டு சென்டிமீட்டர் எங்கேருந்து வந்துச்சு, ஆகாயத்துலேருந்தா? கோணல் ஆளுங்களை வச்சுக்கிட்டு நான் மட்டம் பாக்கறேன்!" எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேனா? சிரித்திருப்பேன். தப்பு யாருடையது என்று அந்த நேரத்தில் எனக்குத் தெரியாது, அது உண்மை, அந்த ஒரு சாயங்காலத்துக்கு மட்டும் என்னை விட்டுவிடலாம்.

ஆனால் மறுநாள்? மறுநாள் முழுச் சுற்றையும் திரும்ப அளக்கச் சொன்னார், அதே சுவர் மூலை, அதே கோல், அவனேதான் பிடித்தான், எலும்பெல்லாம் விறைக்க சிப்பாய் போல நின்றான், குழாயில் கண்ணை வைத்தேன், அதே நான்கு கட்டம். இம்முறை கழித்தேன். நோட்டில் நேற்றைய பக்கத்தைத் திருப்பினேன், கூட்டியிருந்தேன். சார் என் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, "பாத்தியா, இன்னிக்கு ஒழுங்கா பிடிச்சிருக்கான், சரியா வருது" என்றார். வாயைத் திறக்க அதைவிட நல்ல இடம் எங்கே கிடைக்கும்? நான் பென்சிலைக் கூர் சீவினேன். நான்காம் நாளிலிருந்து ஆள் மாற வேண்டும், கோல் பிடித்தவன் குழாய்க்கு வர வேண்டும், அதுதான் முறை, அவனுக்கு மட்டும் அந்த முறை வரவில்லை, "நீ கோலையே நேரா பிடிக்கக் கத்துக்கோ" என்று சார் பதினைந்து நாளும் அவனை அந்தப் பக்கத்திலேயே நிறுத்திவிட்டார். ஒரு தடவைகூட அவன் அந்தக் குழாய் வழியே பார்க்கவில்லை. கோணல் என்ற பெயர் முகாமிலிருந்து எங்களோடு பஸ்ஸில் ஏறி வந்தது, விடுதிக்கு வந்தது, டீக்கடைக்காரர் வரை போனது. முதல் ஒரு வாரம் நான் அப்படிக் கூப்பிடவில்லை. அப்புறம், நான் ஒருவன் மட்டும் கூப்பிடாமல் இருந்தால் யாருக்காவது சந்தேகம் வருமே என்று கூப்பிட ஆரம்பித்தேன். நினைக்கவே கூசுகிறது, இதைத் தங்கச்சிக்கு எப்படி அடித்து அனுப்புவது?

அவன் இருபத்து நான்கு வயதில் போனான். காய்ச்சல் என்று படுத்தவன், ஐந்து நாள், ஆஸ்பத்திரியில் கடைசி இரண்டு நாள் யாரையும் அடையாளம் தெரியவில்லையாம். எனக்கு ஃபோன் வந்தபோது நான் இதே மாதிரி ஒரு தளத்தில் நின்றுகொண்டிருந்தேன், "கோணல் போயிட்டான்டா" என்றான் ஒருவன், "எங்கே போனான்?" என்று கேட்டேன் நான். ஒன்பது மணி நேரப் பயணம், புது வேலை, லீவு கிடைக்காது, இதையெல்லாம் யாரும் கேட்காமலே சொன்னேன். அன்று மத்தியானம் வழக்கம்போலச் சாப்பிட்டேன். அழுகை வரவில்லை, அழும் அளவுக்குப் பழக்கமில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொன்னது ஞாபகம் இருக்கிறது, அதோடு அடியில் இன்னொன்றும் இருந்தது, இனிமேல் யாருக்கும் தெரியப் போவதில்லை என்ற ஒரு நிம்மதி... சீ. ஆனால் இருந்தது.

"மேஸ்திரி, அந்த அளவுகோலைக் கொஞ்சம் எடுத்துட்டு வாங்க." எதற்கு என்று எனக்கே தெரியவில்லை, ஃபோனில் கணக்கைப் போட்டுவிட்டேன், ஒன்று புள்ளி முப்பத்தாறு, ஒன்று புள்ளி நாற்பத்து நான்காகத் தெரிய வேண்டுமானால் கோல் எவ்வளவு சாய வேண்டும், இருபத்தேழு வருடமாகப் போடாத கணக்கு, அரை நிமிடத்தில் வந்துவிட்டது, பத்தொன்பது டிகிரி. மேஸ்திரி கோலை இழுத்து நான்கு மீட்டருக்கு நீட்டி நிமிர்த்துகிறார். "நேராத்தான சார் பிடிக்கணும்?" "இல்ல, முன்னால சாய்ங்க. இன்னும். இன்னும் கொஞ்சம்." "சார்..." "இன்னும் சாய்க்கணும் மேஸ்திரி." "இதுக்கு மேல சாய்ச்சா நானும் கோலும் கீழ கம்பி மேலதான் சார் கிடப்போம். எவன் சார் இப்படிப் பிடிப்பான்?" கோலின் உச்சி அவர் தலையைத் தாண்டி ஓர் ஆள் கைநீளத்துக்கு வெளியே தொங்குகிறது, கைகள் நடுங்குகின்றன, கம்பி கட்டுகிறவர்கள் வேலையை விட்டுவிட்டு எங்களைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். இப்படி ஒருவன் நின்றால் தெருவே பார்த்திருக்காதா? சாரும் கணக்குப் போடவில்லை, நாற்பது பேர் இருந்தோம், ஒருவனும் போடவில்லை, பெயர் வைக்கத்தான் எல்லோருக்கும் வந்தது. "போதும் மேஸ்திரி, வச்சிருங்க." அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போகிறார். அந்த ஒரு வரியை அழிக்கிறேன், இம்முறை வேறு எதையும் அடிக்கவில்லை, அவள் எண்ணை அழுத்திவிட்டேன், மணி அடிக்கிறது, எடுக்காமல் இருந்துவிடு அம்மா, எடுக்காமல்...

"சொல்லுங்கண்ணா. அம்மா பக்கத்துலதான் இருக்காங்க, ஸ்பீக்கர்ல போடட்டுமா?" போட வேண்டாம் என்று சொல்லலாம். "போடும்மா" என்றேன். சொன்னேன், மென்று முழுங்காமல் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டு மென்று முழுங்கித்தான் சொன்னேன், கோல், குழாய், நான்கு கட்டம், அந்த அம்மாவுக்கு என்ன புரியும் என்று நடுவில் நிறுத்தி, "தப்பு என்னுதும்மா, நான் தப்பா படிச்சேன், பழி அவன் மேல விழுந்துச்சு, எனக்கு மறுநாளே தெரியும், நான் சொல்லல" என்று முடித்தேன். திட்டுவார்கள் என்று காத்திருந்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. "அப்ப எம்புள்ளை நேராத்தான் பிடிச்சிருக்கான்" என்றது ஒரு வயதான குரல், கேள்வியாகக்கூட இல்லை. "ஆமாம்மா. நேராத்தான் பிடிச்சிருந்தான்." "அவனுக்குத் தெரியுமாப்பா, நீதான்னு?" "தெரியாதும்மா" என்றேன், யோசிக்காமல், அவ்வளவு வேகமாக. தங்கச்சி குறுக்கே வந்தாள், "இல்லண்ணா... தெரிஞ்சிருக்கும்னு நினைக்கிறேன். நான் அப்ப ஸ்கூல்ல படிச்சிட்டிருந்தேன், யாரோ ஃபோன் பண்ணி கோணல் இருக்கானான்னு கேட்டாங்க, ஏண்ணா அப்படிக் கூப்பிடறாங்கன்னு கேட்டேன். சிரிச்சிட்டு, அது எனக்கும் இன்னொருத்தனுக்கும் நடுவுல இருக்கற விஷயம், அவனே ஒரு நாள் சொல்லுவான்னு சொன்னான். யாருன்னு அப்ப கேக்கத் தோணல."

எப்போது வைத்தேன், என்ன சொல்லிவிட்டு வைத்தேன் என்று தெரியவில்லை. லாரி வந்துவிட்டது போல, கீழே ஹாரன் சத்தம், மேஸ்திரி ஆட்களை விரட்டுகிறார். எவ்வளவு பெரிய முட்டாள் நான்... நேராகப் பிடித்தவனுக்குத் தான் நேராகப் பிடித்தது தெரியாதா? முதல் நாள் ஒரு அளவு, மறுநாள் வேறு அளவு, நடுவில் இருந்தது நான் ஒருவன்தானே, இதற்கு என்ன பெரிய மூளை வேண்டும்? அவனுக்குத் தெரியாது என்று இருபத்தேழு வருடம் எதை வைத்து நம்பினேன்? கடைசித் தேர்வு முடிந்த அன்று பஸ் நிலையத்தில் அவன் தன் பெட்டியை மேலே ஏற்றிவிட்டுத் திரும்ப இறங்கி வந்தான், இவனுக்கு என்ன, நம்மோடு இவ்வளவு ஒட்டுதல் இல்லையே என்று நினைத்தேன், கையைத் துடைத்துக்கொண்டே, "அப்ப வேற ஒன்னும் சொல்றதுக்கு இல்லையேடா?" என்றான். அந்தக் குரல் இப்போது கேட்கிறது, இரண்டு சொல்லுக்கு மேல் கேட்கிறது. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். "என்ன இருக்கு? போய் லெட்டர் போடு" என்றேன். அவன் தலையை ஆட்டிவிட்டு அங்கேயே நின்றான். பஸ் கிளம்ப இன்னும் பத்து நிமிடம் இருந்தது, நான்தான் வந்துவிட்டேன்.