யார் முதலில் தட்டியது?

காட்டுப்பன்றி பகலில் இறங்காது. சுருளிப்பட்டிக்குக் கிழக்கே மலையடிவாரத்தில் தோட்டம் வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். அப்படியிருக்க, செவ்வாய்க்கிழமை மழை விட்ட கையோடு, வெளிச்சம் நன்றாக இருக்கும்போதே மேல்தோட்டங்களில் தகரம் தட்டுகிற சத்தம் கேட்டதும் ராஜாத்திக்குச் சந்தேகம்தான் வந்தது.

“இந்நேரத்துல ஏது பன்னி?” என்று திராட்சைப் பந்தலுக்கடியில் பழம் பறித்துக்கொண்டிருந்த பெண்களிடம் கேட்டாள். கேட்டுக்கொண்டே அவள் கை கல்தூணில் தொங்கிய எண்ணெய் டின்னை எடுத்துத் தட்டவும் தொடங்கிவிட்டது.

அது அந்த அடிவாரத்தின் ஏற்பாடு. ஒரு தோட்டத்தில் தகரம் கேட்டால் அடுத்த தோட்டத்துக்காரர் உடனே தானும் தட்ட வேண்டும். அதைக் கேட்டு அதற்கடுத்தவர். சத்தம் இப்படிக் கைமாறிக் கைமாறி ஓடைவரை போகும்; பன்றிக் கூட்டமும் எங்கேயும் கால் ஊன்ற முடியாமல் ஓடையைத் தாண்டிக் காட்டுக்குள் திரும்பிவிடும். எவர் சும்மா இருக்கிறாரோ அவருடைய மக்காச்சோளத்தில்தான் கூட்டம் தங்கும். ஆகவே ஏன், எதற்கு என்று ஆராய்ந்துகொண்டு யாரும் நிற்பதில்லை.

ராஜாத்தி ஆராய்கிறவள்தான். பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் கையில் மருந்துச் சீட்டு இருந்தால், என்ன வியாதி, எந்த டாக்டர், குணமாச்சா என்று மூன்றையும் கேட்டுவிட்டுத்தான் இறங்குவாள். “உன்னையப் போலீசுல சேத்திருந்தா ஜில்லாவுல திருட்டே இருந்திருக்காது” என்று அவள் புருஷன் பாண்டியராஜன் சொல்வான். அவன் அன்று திராட்சை லோடு ஏற்றிக்கொண்டு குமுளி வழியாகக் கேரளாவுக்குப் போயிருந்தான். அவளுக்கும் பறிப்பு வேலை தலைக்குமேல் கிடந்தது. தட்டினாள், சத்தம் ஓய்ந்தது, பிறகு மறந்துபோனாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் ஊரெல்லாம் ஒரே பேச்சு. பயிற்சிக்கு விடுகிற சின்ன விமானம் ஒன்று தேனிக்குத் தெற்கே மேகத்துக்குள் போனது போனதுதானாம், காணோமாம். ஓட்டியது அபிதா என்கிற பெண், பெரியகுளத்துக்காரி, படிப்பு முடியும் தறுவாயில் தனியாக ஓட்டி வந்தாளாம். அவளுடைய செல்போன் கடைசியாகக் கம்பம்மெட்டுப் பக்கத்து டவரைத் தொட்டிருந்ததால், போலீசும் வனத்துறையும் மேற்கு மலையில் ஏறியிருந்தார்கள். மேகம் இறங்கிக் கிடந்ததால் ஹெலிகாப்டர் வர முடியவில்லை.

இருட்டும் நேரத்தில் மறுபடியும் தகரம் கேட்டது. அது பன்றிக்கான நேரம். யாருக்கும் எதுவும் தோன்றவில்லை.

மறுநாள் மதியத்துக்குமேல் ஒரு தீயணைப்பு ஜீப் கிழக்கு அடிவாரத்துக்கு வந்தது. நிலைய அலுவலர் சுந்தரலிங்கம் இறங்கினார். அல்லிநகரத்துக்காரர், நிதானமான மனிதர். கூட இரண்டு தீயணைப்பு வீரர்களும், சுரேஷ்கண்ணன் என்கிற வனக்காப்பாளரும்.

“நேத்து விமானம் போன சத்தம், விழுந்த சத்தம் ஏதாச்சும் கேட்டுச்சாம்மா?” என்று ராஜாத்தியிடம் விசாரித்தார்.

“இடி இடிச்சுச்சு சார். அதுல எது இடி, எது விமானம்னு யார் கண்டா? ஆமா, எல்லாரும் மேக்கதானே தேடுறாக, நீங்க மட்டும் ஏன் இங்கிட்டு வந்தீக?”

சுந்தரலிங்கம் சிரித்தார். விசாரிக்க வந்தவரையே விசாரிக்கிறாளே என்ற சிரிப்பு. “உசரத்துல பறக்குறப்ப போன் பக்கத்து டவரைத்தான் புடிக்கும்னு இல்லம்மா. எட்டத்துல இருக்கிறதையும் புடிக்கும். அதான் இந்தப் பக்கமும் ஒருக்கா கேட்டுருவோம்னு வந்தேன்.”

“விழுந்தா விமானமே ஆளுகளுக்குச் சொல்லிரும்னு டிவியில சொன்னாகளே?”

“அதுக்குன்னு ஒரு கருவி இருக்கு. ஏரியல் ஒடிஞ்சிட்டா அதுவும் ஊமை. வேற வித்தியாசமா எதுவும் கவனிச்சீங்களா? சின்ன விஷயமா இருந்தாலும் பரவால்ல.”

“வித்தியாசம்னா…” ராஜாத்தி இழுத்தாள். “நேத்து மழை விட்டதும் பட்டப்பகல்ல தகரம் தட்டுனாக. பகல்ல பன்னி வராது சார்.”

“யார் தட்டினது?”

“எல்லாருந்தான். நானுந்தான்.”

“முதல்ல யார் தட்டினது?”

இத்தனை வருஷத் தோட்டத்தில் இந்த ஒரு கேள்வி ராஜாத்திக்கு வந்ததே இல்லை. அதுவே அவளுக்குப் பெரிய ஆச்சரியமாக இருந்தது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, “வாங்க சார், கேட்டுருவோம்” என்று முன்னால் நடந்தாள்.

அடுத்த தோட்டம் கொழுந்தன் சுருளிராஜனுடையது. மக்காச்சோளம் கதிர் முற்றி அறுப்புக்கு நின்றது.

“நான் ஏன் மதினி மொதல்ல தட்டப் போறேன்? இருளம்மா அக்கா தட்டுச்சு, நான் வாங்கித் தட்டுனேன்.”

“பகல்ல என்னடா இதுன்னு நீ யோசிக்கல?”

“நீங்க யோசிச்சீகளாக்கும்?”

இருளம்மாள் வாழைக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். காக்கிச் சட்டைகளைக் கண்டதும், “ஏத்தா, தகரம் தட்டுனதுக்கெல்லாமா கேசு?” என்று பதறிப்போனாள். அவளைச் சமாதானப்படுத்திக் கேட்டதில், “தவசி அண்ணன் தட்டுனாரு. இன்னைக்கு வெடியக்காலம் கூடத் தட்டுனாரே. மனுசன் தூங்கவே மாட்டாரு போல” என்றாள்.

தவசியின் இலவந்தோப்புதான் கடைசி. அதற்குமேல் சர்க்கார் காடு. கட்டிலில் படுத்திருந்தவர் ஆளைக் கண்டதும் எழுந்து உட்கார்ந்தார்.

“சித்தப்பா, நேத்துப் பகல்ல மொதல்ல தகரம் தட்டுனது நீங்களா?”

“நானா? எனக்கு மேல தட்டுனாக, நான் வாங்கித் தட்டுனேன்.”

“ஒங்களுக்கு மேல யாரு தோட்டம் இருக்கு?”

“மேல…” என்று கையைத் தூக்கிய தவசி, தூக்கிய கையோடு அப்படியே இருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “எவன் தோட்டமும் இல்லையே ஆத்தா. காவல் குடிசையில இருக்கிற பாரஸ்ட் ஆளுக ஆனைக்குத் தட்டுறாகன்னுல நெனச்சேன்.”

சுரேஷ்கண்ணன் இல்லையென்று தலையாட்டினார். “அந்தக் குடிசை சரிஞ்சு போச்சுய்யா. மழை ஆரம்பிச்சதுல இருந்து அங்க யாருமே இல்ல.”

சுந்தரலிங்கம் மலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கடைசியா எப்ப கேட்டுச்சு?”

“வெடியக்காலம். அப்பவும் தட்டுனேன்.” தவசியின் குரல் இறங்கிவிட்டது. “அது அந்தப் புள்ளையா இருக்குமோ? நாங்க பாட்டுக்குப் பதிலுக்குப் பதில் தட்டிக்கிட்டுச் சும்மா ஒக்காந்துட்டமே சார்!”

“அதை விடுங்க. இனிமே யாரும் தட்டக் கூடாது. எங்கிருந்து சத்தம் வருதுன்னு கேட்கணும்.”

ராஜாத்தி எல்லாத் தோட்டத்துக்கும் போன் போட்டாள். மோட்டார்கள் நின்றன. பாட்டுப் போட்டிருந்தவர்கள் அணைத்தார்கள். வெயில் மேற்கு மலைக்குப் பின்னால் சரியத் தொடங்கியிருந்தது. அடிவாரம் முழுவதும் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தது.

மேலே ஒரு சத்தமும் இல்லை.

கொஞ்ச நேரத்தில் ராஜாத்தியின் போன் அதிர்ந்தது. சுருளிராஜன் கிசுகிசுத்தான்: “மதினி, பன்னி எறங்கிருச்சு. குட்டியும் குளுவானுமா ஒரு கூட்டமே நிக்கிது. ஒரே ஒரு தட்டு தட்டிக்கிறேன்.”

“தட்டுன, கொன்னுருவேன்.”

“கதிரு மடமடன்னு ஒடியிது மதினி!”

“ஒடியட்டும். ஒரு உசுருடா.”

“ஒங்களுக்கென்ன, பன்னி பந்தல்லயா ஏறப் போகுது?” என்று முனகிவிட்டு வைத்தான். ஆனால் தட்டவில்லை. கையில் தகரத்தை வைத்துக்கொண்டு, தன் கண்ணெதிரே தன் வெள்ளாமை சாய்வதைப் பார்த்தபடி அவன் நின்றதைத் தூரத்திலிருந்து இருளம்மாள் பார்த்தாள்.

நேரம் போயிற்று. இருட்டிவிட்டால் காட்டுக்குள் ஏற முடியாது. சுந்தரலிங்கம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். விடியற்காலைவரை தட்டியவள் இப்போது தட்டவில்லை என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் விளங்கிற்று.

ராஜாத்தியின் மண்டைக்குள் மட்டும் வேறொன்று ஓடியது. மலையில் தனியாகக் கிடக்கிறாள். தட்டுகிறாள், கீழே பதில் வருகிறது. மறுபடி தட்டுகிறாள், மறுபடி பதில். வருகிறார்கள், வருகிறார்கள் என்று நம்பிக்கொண்டிருக்கிறாள். திடீரென்று கீழே மயான அமைதி. அப்போது அவள் என்ன நினைப்பாள்?

“சார், நாம பேசாம இருந்தா ஊருக்குப் போயிட்டாகன்னுதானே அந்தப் புள்ள நெனைக்கும்?”

சுந்தரலிங்கம் திரும்பிப் பார்த்தார். “சரிதாம்மா. தட்டுங்க. ஆனா பன்னிக்குத் தட்டுற மாதிரி வேணாம். எண்ணித் தட்டிட்டு நிறுத்துங்க.”

தவசியின் தகரத்தை வாங்கி ராஜாத்தி மூன்று தட்டு தட்டினாள். டங், டங், டங். நிறுத்தினாள்.

காற்று இலவ மரங்களை அலைத்தது. எங்கோ ஒரு மயில் கத்தியது. பிறகு மிக லேசாக, தண்ணீர்க் குடத்தில் கரண்டி பட்டாற்போல ஒரு சத்தம். இன்னொன்று. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று.

“மூணு!” என்றார் தவசி.

“பாறை எதிரொலியா இருந்தாலும் இருக்கும்,” என்றார் சுந்தரலிங்கம். “இப்ப ரெண்டு தட்டிட்டுக் கையை ஆட்டாம நில்லுங்க.”

ராஜாத்தி இரண்டு தட்டினாள். எதிரொலிக்கான நேரம் கடந்துபோனது. அதற்குப் பிறகு, தட்டுகிறவள் கையை மாற்றிப் பிடித்ததுபோலத் தயங்கி, இரண்டு வந்தது. தவசி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அதன்பின் சுந்தரலிங்கம் ஒரு நிமிஷம் வீணாக்கவில்லை. ஒரு வீரரைத் தோப்பின் தென்கோடிக்கும் இன்னொருவரை வடகோடிக்கும் ஓடவைத்தார். ராஜாத்தி தட்டத் தட்ட, பதில் வரும் திசைக்கு இருவரும் கையை நேராக நீட்டி நின்றார்கள். நீட்டிய இரண்டு கைகளும் எங்கே போய்ச் சேருகின்றன என்று சுரேஷ்கண்ணன் மலையில் தேடினார். “காட்டு நெல்லி ஓடை. பாறைக்குக் கீழ. தூரம் ரொம்ப இல்ல சார், ஆனா முழுக்கப் புதர்.”

“சித்தப்பா, நீங்க விடாம தட்டுங்க. மூணு, நிறுத்து. மூணு, நிறுத்து,” என்று தகரத்தைத் தவசியிடம் கொடுத்துவிட்டு ராஜாத்தியும் கிளம்பினாள்.

“நீங்க எதுக்கும்மா?” என்றார் சுந்தரலிங்கம்.

“பொம்பளப் புள்ள, என்ன கோலத்துல கெடக்கோ. ஆம்பளையளா போயி நிப்பீகளா?”

அவர் ஒதுங்கி அவளுக்கு வழிவிட்டார்.

உண்ணிச்செடிப் புதரை வெட்டி வழி செய்துகொண்டு ஏறினார்கள். ஏற ஏற மேலிருந்து வந்த சத்தம் தெளிவானது. வெளிச்சம் மங்கும் முன்னே ஒரு மரத்தடியில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. இறக்கை ஒன்று மடங்கிக் கிடந்தது. மற்றது கிளையில் மாட்டியிருந்தது. மூக்கு மண்ணில் புதைந்த அந்த விமானம் மினி லாரியைவிடப் பெரிதாக இல்லை.

அபிதா உள்ளேதான் இருந்தாள். முன்பக்கம் நசுங்கி ஒரு கால் அதில் சிக்கியிருந்தது. உதடு வெடித்துக் கிடந்தது. காலடியில் செல்போன் நொறுங்கியிருந்தது. கையில் சின்னதாக ஒரு சிவப்புத் தீயணைப்பு உருளை. அதைக் கதவுச் சட்டத்தில் மோதித்தான் தட்டியிருக்கிறாள். இவர்களைப் பார்த்த பிறகும் கை நிற்காமல் இன்னொரு முறை தட்டியது.

ராஜாத்தி உருளையை மெதுவாக வாங்கிக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் புகட்டினாள். வீரர்கள் தகட்டை வளைக்கத் தொடங்கினார்கள்.

அபிதா தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டாள்: “நேத்துல இருந்து பதில் சொல்லிக்கிட்டே இருந்தீங்களே அக்கா. ஏன் வரவே இல்ல?”

ராஜாத்தி பொய் சொல்லலாமா என்று யோசித்தாள். “நாங்க ஒனக்குத் தட்டல தாயி. பன்னிக்குத் தட்டுனோம்.”

“பன்னிக்கா?”

“ஆமா.”

அபிதா சிரிக்கப் போய், விலா வலித்து, “அம்மா” என்று சுருண்டாள். கண்ணீர் வழிந்துகொண்டே இருந்தாலும் சிரிப்பு அடங்கவில்லை. “ராத்திரி எத்தனை தடவை கண்ணு சொருகுச்சு தெரியுமா… பன்னிக்கா!”

காலை விடுவித்துக் கட்டை வைத்துக் கட்டி, ஸ்ட்ரெச்சரில் ஏற்றி இறக்கினார்கள். அவளைத் தூங்கவிடாமல் பேச்சுக் கொடுக்கும்படி சுந்தரலிங்கம் சொன்னார். ராஜாத்தியிடம் அதைச் சொல்லவா வேண்டும்? விமானத்துக்கு என்ன எண்ணெய், மேலே குளிருமா, சம்பளம் எவ்வளவு, மாப்பிள்ளை பார்த்தாச்சா என்று பாறைக்குப் பாறை கேட்டுக்கொண்டே வந்தாள். அவளும் முனகலுக்கு நடுவே எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள்.

“விழுகுறப்ப ஏந்தாயி எங்களுக்குச் சத்தமே கேக்கல?”

“என்ஜின் நின்னுபோச்சுக்கா. சத்தமில்லாமதான் இறங்குனேன்.”

“மேல இருந்து பாத்தா எங்க தோட்டமெல்லாம் எப்பிடித் தெரியும்?”

அபிதா கண்ணை மூடியபடியே சொன்னாள்: “பச்சைப் பாய் விரிச்ச மாதிரி. சமமா, பெரிசா. அதுல இறக்கிரலாம்னுதான் முதல்ல திருப்புனேன். எங்க அத்தை வீட்டுலயும் திராட்சைப் பந்தல் இருக்கு. பறிப்பு நேரம் அடியில ஆள் இருப்பாங்களேன்னு ஞாபகம் வந்துச்சு. அதான் திரும்பவும் மலைப்பக்கம் போயிட்டேன்.”

ராஜாத்தி நின்றுவிட்டாள். ஸ்ட்ரெச்சர் நாலடி முன்னால் போயிற்று. நேற்று மழை விட்ட நேரத்தில் அவளும் ஆறு பெண்களும் பந்தலுக்கடியில் குனிந்து பழக்கூடைக்குத் தாள் விரித்துக்கொண்டிருந்தார்கள். தலைக்குமேல் ஒரு முடிவு எடுக்கப்பட்டது அவர்கள் யாருக்கும் தெரியாது.

“ஏன் பேச்சை நிறுத்திட்டீங்க?” என்று முன்னாலிருந்து சுந்தரலிங்கம் குரல் கொடுத்தார்.

அவள் ஓடிவந்து அபிதாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அடுத்த கேள்வி எதுவும் வரவில்லை. மண்பாதையில் ஆம்புலன்ஸ் காத்திருந்தது. கையை விடாமலே அவளும் ஏறி உட்கார்ந்தாள்.

“நீங்க யாரும்மா, சொந்தமா?” என்று உள்ளே இருந்த பணியாளர் கேட்டார்.

“ஆமா,” என்றாள் ராஜாத்தி. “கதவைச் சாத்துங்க.”