நாலு அடி களி

தபஸ்ஸும் முதன்முதலாகத் தனியாகக் கையெழுத்துப் போட்ட மண் அறிக்கை, தி.நகரில் எட்டு வீடுகள் இருந்த ஒரு பழைய குடியிருப்பைப் பற்றியது. பழையதை இடித்தாயிற்று. ஐந்து மாடிக்குப் புதிதாக எழுப்பப் போகிறார்கள். அங்கே எந்த மாதிரி அஸ்திவாரம் நிற்கும் என்று சொல்வது அவள் வேலை. தேனாம்பேட்டை அலுவலகத்தில் ஏழு வருஷமாக அறிக்கையை அவள் எழுதுவாள், கையெழுத்தை முதலாளி மாணிக்கவாசகம் போடுவார். இந்தத் தடவை பேனாவை அவளிடமே நீட்டிவிட்டார். அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அம்மாவுக்கு அனுப்பினாள். அவ்வளவு சந்தோஷம்.

தி.நகரின் பெரும்பகுதி ஒரு காலத்தில் ஏரி. ஏரியைத் தூர்த்து மனை போட்டார்கள். ஏரியின் களிமண் எங்கே போகும், அங்கேயேதான் இருக்கிறது. கறுப்பாக, கையில் ஒட்டினால் லேசில் விடாது. மழையில் உப்பும், வெயிலில் சுருங்கி வெடிக்கும். தண்ணீரைப் பிடித்துவைப்பதில் கெட்டிக்கார மண், அதனால்தான் ஏரியே இருந்தது. நெல் நட்டாலும் குறை சொல்லாது. தலையில் ஐந்து மாடி ஏற்றினால் மட்டும் ஒத்துக்கொள்ளாது. இதையெல்லாம் மனை வாங்குகிறவர்கள் கேட்பதில்லை, விற்கிறவர்கள் சொல்வதில்லை. களி மேலாகக் கொஞ்சம் இருந்து கீழே மணல் வந்துவிட்டால், களியை வாரிப் போட்டுவிட்டு மணல்மேல் சாதாரண அஸ்திவாரம் போடலாம். களி ஆழமாகப் போனால், கெட்டி மண் வரும்வரை துளைத்துக் கான்கிரீட் தூண் இறக்க வேண்டும். பைல் என்பார்கள்.

மூன்று இடத்தில் துளை போட்டார்கள். முன்பக்கம் இரண்டிலும் நாலைந்து அடியிலேயே மணல். மூன்றாவதைப் பின்மூலையில் போட்ட அன்று மழை கொட்டித் தீர்த்தது. தபஸ்ஸும் கூடவே நின்றிருக்க வேண்டும். திருவான்மியூரில் வேறொரு மனையில் மாட்டிக்கொண்டாள். துளை போடும் குழுவுக்குத் தலைவர் தேசப்பன், சாந்தோம் குப்பத்துக்காரர், இருபது வருஷ அனுபவம். குறிப்புத் தாள் நனைந்து கூழாகிவிட்டது என்று ஃபோனில் சொன்னார்.

“மேல களி மேடம், நாலு அடி. அதுக்கு அப்பால மணலு, முப்பது அடி.”

முன்பக்கத்தோடு கச்சிதமாக ஒத்துப்போனது. எழுதிக்கொண்டாள். அந்தத் துளையின் மண் மாதிரிகள் மூட்டையாக வந்து அலுவலக மூலையில் கிடந்தன. அவற்றைப் பிரிக்க யாருக்கும் அவசரம் இல்லை.

முன்பக்கத்தில் முதல் கான்கிரீட் போடுவதற்கு முந்தைய நாள் தபஸ்ஸும் மனைக்குப் போனாள். வேலிக்கு வெளியே நாற்காலி போட்டு விசாலாக்ஷி மாமி உட்கார்ந்திருந்தார். இடித்த குடியிருப்பில் தரைத்தளத்துப் பின்பக்க வீடு அவருடையது. எழுபத்தொன்பது வயது. இப்போது மயிலாப்பூரில் வாடகைக்கு, இரண்டாம் மாடியில் இருக்கிறார். தினமும் ஆட்டோ வைத்துக்கொண்டு வந்து, ஒன்றுமில்லாத இடத்தைப் பார்த்துவிட்டுப் போவார். சொந்த வீட்டில்தான் கண்ணை மூடுவேன் என்று ஒரே பிடிவாதம்.

“புது ஆத்துலயாவது அந்தப் பூஜை ரூம் கதவு மூடுமோடீம்மா?” என்றார். “மழை வந்தா மூடவே மூடாது. சித்திரைல தானா மூடிண்டுடும். முன்னாடி ஆத்துக்காராளுக்கு அந்தத் தொந்தரவே கிடையாது. பின்னாடி இருக்கற எங்களுக்குத்தான்.”

தபஸ்ஸும் சிரித்தாள். பஸ்ஸில் திரும்பும்போது சிரிப்பு நின்றது. முன்னாலும் பின்னாலும் ஒரே மண் என்றால் பின்பக்கக் கதவு மட்டும் ஏன் படுத்த வேண்டும்?

அலுவலகத்துக்குப் போய் மூட்டையைப் பிரித்தாள். மூன்றாவது துளை, ஏழு மீட்டர் என்று எழுதிய பையில் மணல் இருக்க வேண்டும். கறுப்புக் களி இருந்தது. நத்தை ஓடுகூட ஒன்று இருந்தது. தேசப்பனைக் கூப்பிட்டாள்.

“நாலு அடி களின்னு சொன்னீங்களேண்ணா?”

“ஆமா மேடம். நாலே அடி. வெய்ட்ட தூக்கி நாலு அடி அடிச்சா கொழாய் வெண்ணெயில எறங்கினாப்புல எறங்குது. ஏழு மீட்டர் வரிக்கும் அதே கததான். மணலு வந்தப்பறம்தான் முப்பது அடி வாங்கிச்சி. ஏன், இன்னா ஆச்சி?”

“அடின்னா ஆழம்னு நெனச்சுட்டேன்.”

“ஆழத்த நா எப்ப மேடம் அடில சொல்லிகீறேன்? மீட்டருதானே!”

உண்மைதான். துளை போடுகிறவருக்கு அடி என்றால் மண் வாங்கும் அடி. முப்பது சென்டிமீட்டர் குழாய் இறங்க எத்தனை முறை வெயிட் விழுகிறது என்ற கணக்கு. தபஸ்ஸுமின் அத்தா கொத்து மேஸ்திரி. சாப்பாட்டு நேரத்தில்கூட அந்த வீட்டில் நீளமும் ஆழமும் அடியில்தான் ஓடும்.

“எம் மேல போட்டுடுங்க மேடம்” என்றார் தேசப்பன். “தேசப்பன் தப்பா சொல்ட்டான்னு. எனக்கு இன்னா ஆவப்போவுது?”

அவள் யோசித்தாள் என்பதை மறைப்பானேன், நன்றாகவே யோசித்தாள். அதைவிடச் சுலபமான வழியும் இருந்தது. துளைகளுக்கு நடுவே மண் மாறக்கூடும் என்று எல்லா அறிக்கையிலும் கடைசியில் ஒரு வரி இருக்கும். பின்பக்கக் குழி தோண்டி, கறுப்பு மண்ணைக் கண்டு யாராவது கேட்டால் அந்த வரியைக் காட்டலாம். யாரும் கேட்காமலும் போகலாம். அப்போது பின்மூலை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும், மாமியின் புதுக் கதவோடு.

மாணிக்கவாசகத்தின் அறைக்குள் போய், “நான்தான் சார் தப்பா புரிஞ்சுக்கிட்டேன். கூட நின்னு எண்ணல” என்றாள்.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. ஃபோனை எடுத்துக் கான்கிரீட்டை நிறுத்தச் சொன்னார். “பின்பக்கம் இன்னொரு துளை போடுங்க. இந்தத் தடவை நீங்களே நின்னு எண்ணுங்க,” என்றார். அவள் கையெழுத்திருந்த அறிக்கையின் கடைசிப் பக்கத்தைத் தன் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டார்.

இரண்டாம் நாள் காலை, பின்மூலையில் துளை போடும் முக்காலி நின்றது. பைல் என்றால் வடிவமைப்பு மாறும், அனுமதி மறுபடி வாங்க வேண்டும், ஒரு வருஷமாவது தள்ளிப்போகும். வேலை நின்றது மாமிக்குத் தெரியும், ஏன் என்று யாரும் சொல்லவில்லை. அன்றைக்கு நாற்காலியை வேலிக்கு உள்ளேயே போட்டுக்கொண்டார்.

“களி எத்தனை அடின்னு பார்க்கறா போலிருக்கு. ஜாஸ்தி இருந்தா ரொம்ப நாள் ஆகுமாமே, வாட்ச்மேன் சொன்னான். இருக்காது. பகவான் இருக்கார்.”

குழாய் ஏழு மீட்டரில் இருந்தது. கயிறு இழுபட்டு வெயிட் எழும்பி விழுந்தது. தபஸ்ஸும் வாய்விட்டு எண்ணினாள். ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. குழாயில் போட்டிருந்த சாக்பீஸ் கோடு மண்ணுக்குள் போய்விட்டது.

“நாலு அடி மேடம்!” என்று தேசப்பன் குரல் கொடுத்தார்.

மாமியின் முகம் மலர்ந்துவிட்டது. நாற்காலியின் கையை அழுத்திக்கொண்டு எழுந்தே விட்டார். “நாலே அடிதானா? நான்தான் சொன்னேனே! அப்போ நாளைக்கே ஆரம்பிச்சுடலாமோன்னோ?”

தேசப்பன் கயிற்றை விட்டுவிட்டுத் தபஸ்ஸுமைப் பார்த்தார். அவள் குறிப்புத் தாளில் நான்கு என்று எழுதினாள். பிறகு தாளை மடித்து வைத்துவிட்டு மாமியின் பக்கத்தில் போய் நின்றாள்.

“உக்காருங்க மாமி,” என்றாள். “அது வேற அடி.”