நாலு ஓமும் நாலு ஓமும்

கணக்கு வாத்தியார் கடை வாசலில் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார். அவருடைய காரின் டிக்கி திறந்து கிடந்தது. உள்ளேயிருந்து கருகல் வாடை அடித்தது.

“நேத்துதான் டெலிவரி எடுத்தேன். வீடு போய்ச் சேரல, ஆம்ப்ளிஃபையர் புகைஞ்சு போச்சு! யாருங்க இந்த வேலை பாத்தது?”

கார்களுக்கு ஸ்பீக்கர் மாட்டும் அந்தக் கடையில் வேலை தெரிந்த கைகள் இரண்டே இரண்டு. இரண்டும் தங்கச்சியுடையவை. கடைப் பெயர்ப்பலகையில் சிரித்துக்கொண்டிருப்பது மட்டும் அண்ணன் படம். ஆறு வருஷமாகக் கார் கார்பெட்டுக்கு அடியில் தலையை விட்டு வயர் இழுப்பவள் இவள். ‘நம்ம கைராசி அப்படி’ என்று மார்தட்டுவது அவன். முப்பத்திரண்டு வயதுக்காரியைப் பார்த்து, ‘பாப்பா, மெக்கானிக் எங்கம்மா?’ என்று கேட்காத ஆளில்லை. அதையெல்லாம்கூட அவள் பொறுத்துக்கொண்டாள்.

அண்ணன் அன்றைக்கு வாய் கூசாமல் ஒன்று சொன்னான் பாருங்கள்.

“தங்கச்சி பாத்த வேலைங்க. கைதவறிப் போச்சு. இனிமே அவ கல்லாவுல உக்காந்துக்குவா. வண்டிப் பக்கமே விடமாட்டேன், நானே பாத்துக்கறேன்.”

அடப்பாவி! கூடப் பிறந்தவன் பேசுகிற பேச்சா இது? அவளுக்கு உச்சந்தலை வரை சுர்ரென்று ஏறியது. தப்பு செய்திருந்தால் தலையைக் குனிந்திருப்பாள். செய்யாத தப்புக்குக் கையிலிருக்கிற தொழிலையே பிடுங்குகிறான். மின்தடை அளக்கும் மீட்டரை எடுத்துக்கொண்டு டிக்கிக்குப் போனாள்.

டிக்கியிலிருந்த பெட்டிக்குள் அதிரும் அடிச்சத்தம் தரும் பாஸ் ஸ்பீக்கர்கள் இரண்டு, ஒவ்வொன்றும் நாலு ஓம் மின்தடை. அந்த ஆம்ப்ளிஃபையர் நாலு ஓமுக்குக் கீழே தாங்காது. அதன் முதுகிலேயே அச்சடித்திருக்கிறது. அதனால்தான் முந்தாநாள் சாயங்காலம் ஒன்றின் வாலில் இன்னொன்றைக் கோத்து, வரிசையாக இணைத்து, எட்டு ஓமாக முடித்திருந்தாள். சத்தம் கொஞ்சம் அடங்கித்தான் வரும், ஆனால் வருஷக்கணக்கில் உழைக்கும். இப்போது பார்த்தால் இரண்டும் பக்கம் பக்கமாக நேரே ஆம்ப்ளிஃபையரில் சொருகியிருந்தன. முறுக்கிவிட்ட வயரில் அரைகுறையாகக் கறுப்பு டேப். டேப்பைப் பிரித்தாள். பல்லால் கடித்து உரித்த தடம் பளிச்சென்று தெரிந்தது. அவள் ஒருநாளும் கட்டர் இல்லாமல் வயரைத் தொட்டதில்லை. பல்லால் உரிக்கிற மகாராஜா அந்தக் கடையில் ஒருத்தன்தான்.

“அண்ணே, நேத்து நான் ஃபியூஸ் வாங்கப் போனப்ப இதுல கைவெச்சியா?”

அண்ணன் பேந்தப் பேந்த விழித்தான். பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினான். “பாஸ் நல்லா அதிரணும்னு நேத்துக் காலைல போன் பண்ணாரு. கொஞ்சம் ஏத்திவிட்டேன். வெளியாளு முன்னாடி என் மானத்த வாங்காத. நாம ஒரே குடும்பம்தான?”

“ஓ! அப்ப என் மானம் மட்டும் அடுத்த வீட்டுதா?”

வாத்தியாருக்குப் பொறுமை போனது. “அங்க என்ன குசுகுசுன்னு? எனக்குப் பதில் சொல்லுங்க.”

“நீங்களே பதில் கண்டுபிடிங்க சார், வாங்க.” ஆம்ப்ளிஃபையரிலிருந்து வயரைக் கழற்றி, மீட்டரின் இரண்டு முனைகளையும் அவர் கையில் கொடுத்தாள். “நேத்து உங்ககிட்ட குடுத்த இணைப்பு இது. வெச்சுப் பாருங்க, எவ்வளவு?”

“ரெண்டுக்குக் கொஞ்சம் கம்மி.”

“மீட்டர் எப்பவும் ஒரு பிசிறு குறைச்சுத்தான் காட்டும். நாலு ஓம் ஸ்பீக்கர் ரெண்டு, பக்கம் பக்கமா போட்டா நாலுல ஒண்ணும் நாலுல ஒண்ணும் கூட்டி, தலைகீழாத் திருப்பணும். நீங்க தினம் போர்டுல போடுற கணக்குதான்.”

“காலும் காலும் அரை... திருப்பினா ரெண்டு.” வாத்தியாரின் குரலில் சுருதி இறங்கியது.

“நான் போட்டது இப்படி.” வயரை மாற்றிப் பிடித்தாள். மீட்டர் ஏழைத் தாண்டியது. “எட்டு ஓம். அத யாரோ ரெண்டாக்கிட்டாங்க. ஓம் குறையக் குறைய ஆம்ப்ளிஃபையர் அதிகமா கரண்டு தள்ளணும். நாலு மடங்கு தள்ளச் சொன்னா அது கருகாம என்ன செய்யும்?”

வாத்தியார் உரித்த வயரைப் பார்த்தார். அண்ணனின் வாயைப் பார்த்தார். கணக்கு அவருக்கு விளங்கிவிட்டது. இனிமேலாவது ஒரு நல்ல வார்த்தை சொல்வார் என்று அவள் நிமிர்ந்தாள். அந்த மனுஷன் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்:

“சரி, நடந்தது நடந்துபோச்சு. புதுசு மாட்டும்போது அண்ணனே கூட இருந்து ஜாக்கிரதையா மாட்டட்டும். ஆம்பள மேற்பார்வை இருந்தா எனக்கும் நிம்மதி.”

கண்ணால் பார்த்து, கையால் அளந்து, வாயால் கூட்டிச் சொன்ன பிறகும் இந்தப் பேச்சு! அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக முட்டின. மீட்டரைப் பெட்டிமேல் வைத்துவிட்டு அண்ணனைப் பார்த்தாள்.

அண்ணனின் முகம் வெளிறிவிட்டது.

“அந்த வயர மாத்துனது நான்தாங்க,” என்றான். “இப்ப நீங்க போட்ட கணக்குகூட எனக்குப் புரியல. இந்தக் கடையில வேலை தெரிஞ்சது இவ ஒருத்திக்குத்தான்.”

ஆறு வருஷமாகக் கேட்கத் துடித்த வார்த்தை. கேட்டும் அவள் மனசு குளிரவில்லை.

“இத உன் வாயால சொல்றதுக்கு ஒரு ஆம்ப்ளிஃபையர் கருகணுமாண்ணே?” என்றாள்.