பள்ளத்தில் ஒரு கை

...நேராக்க முடியாது, பார்த்துக்கொள்ளலாம் என்று மருத்துவர் சொன்னபோது ரோஸ்வித்தா அழவில்லை, சரி, இதோடுதான் குடித்தனம் என்றாள், முதுகெலும்பில் லேசான வளைவுதான், பாவாடையின் ஓரத்தைத் தானே ஒரு பக்கம் ஏற்றித் தைத்துக்கொள்வாள், தேவாலயத்தில் இரண்டு மணி நேரம் ஆர்கன் வாசித்துவிட்டு வருவாள், வலிக்கிறதா என்று கேட்டால், “கால்வாய்தான் நேரா போகும் எக்கார்ட், நான் ஆறு” என்பாள், அதோடு பேச்சு முடிந்தது, காலையில் பயிற்சிக்கென்று படுக்கையறைச் சுவரில் அடித்திருந்த மரச்சட்டங்களைப் பிடித்து நிமிர்ந்து நிற்பாள், அவள் முதுகின் இடப்பக்கப் பள்ளத்தில் எக்கார்ட் கையை வைப்பான், அந்தக் கை இருக்கும் இடத்துக்கு மூச்சை இழுப்பாள், விலா மெல்ல எழுந்து உள்ளங்கையை நிரப்பும்... அவள் இறந்துபோன பிறகும் இடது உள்ளங்கையில் அந்தப் பள்ளம் அப்படியே இருக்கிறது, வேறு எது மிச்சம்?

இப்போது அதே சட்டங்களைப் பிடித்து நிற்கிறாள் மகள் இல்கா, நாற்பது வயது, காரில் நெடுந்தூரம் வந்ததில் முதுகு பிடித்துக்கொண்டதாம், அம்மாவின் வளைவு அவளுக்கும் உண்டாம், இன்றுதான் சொல்கிறாள், “அம்மாவுக்கு வைப்பீங்களே, அப்படி வைங்கப்பா” என்கிறாள்... வைத்தால் இந்த முதுகு அந்த முதுகை அழித்துவிடாதா, ஒரு கையில் இரண்டு தங்குமா, ஆனாலும் காத்து நிற்கிறாளே, வைத்தான், பள்ளம் இல்லை, மேடு.

“அங்க இல்லப்பா. எனக்கு வலது பக்கம்.”

வலது கையை வைத்தான், எதுவும் தெரியாத கை, இடது கை சும்மா தொங்கியது, அதில் இருந்தது அதிலேயே இருந்தது, அப்பாடா என்று இருந்தது, வெட்கமாகவும் இருந்தது, அவள் மூச்சு தயங்கித் தயங்கி வந்து விரல்களைத் தொட்டது, இவ்வளவு நாள் யார் வைத்தார்கள் என்று கேட்டான்.

“அம்மாதான், நான் இங்க இருந்த வரைக்கும். ஞாயித்துக்கிழமை நீங்க ரொட்டி வாங்கப் போவீங்கல்ல, அப்ப. உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னுட்டாங்க. ஒரு முதுகுக்கே நீங்க தூங்குறதில்லையாம்.”

அதற்காகவா பக்கத்துக் கடையை விட்டு ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிற கடைக்கு அனுப்பினாள், அங்கே கசகசா ரொட்டி நன்றாக இருக்கும் என்று, அவனும் நம்பிப் பாலம் தாண்டி நடந்தானே, தன் முதுகைப் பார்த்துக்கொண்டவள், மகளுடையதையும் பார்த்து, அவனையும்... இன்னும் எதையெல்லாம் பார்த்துக்கொண்டாளோ, யாரைக் கேட்பது? “இன்னும் கொஞ்சம் அழுத்துங்க” என்றாள் இல்கா. அழுத்தினான்.