விளாத்தியடியில் ஒரு வீடு துருப்பிடித்த விதம்

2023ஆம் ஆண்டு ஆவணி மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை விடிந்தபோது, மல்லாவிக்குத் தெற்கே விளாத்தியடிக் குடியிருப்பில் வீரபாகுவின் வீடு முதல்நாள் நின்ற இடத்திலிருந்து ஐந்தடி கிழக்கே நின்றது. உள்ளே படுத்திருந்த வீரபாகுவுக்கும் மனைவி பேச்சியம்மாவுக்கும் எதுவும் தெரியவில்லை. சுவரில் கலண்டர் ஆடவில்லை, மூடி வைத்த சோற்றுப்பானை சரியவில்லை. பேச்சியம்மா தண்ணீர் அள்ளப் போனபோதுதான் கணக்குப் பிசகியது. குசினி வாசலிலிருந்து கிணற்றடிக்குப் பதினெட்டு எட்டு; பதின்மூன்று வருடமாக மழையிலும் வெயிலிலும் அவர் நடந்த பதினெட்டு. அன்று பதினெட்டு எட்டு வைத்தும் கைக்குக் கப்பிக்கயிறு எட்டவில்லை. கிணறுதான் நகர்ந்துவிட்டதென்று தான் முதலில் நினைத்ததாக அவர் பிறகு சொன்னார். அதில் பிழை சொல்ல முடியாது, வீடு நகரும் என்று யார் நினைப்பார்கள்?

வீரபாகு எட்டுத் தரம் இடம்பெயர்ந்தவர். முதல் தரம் எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில், பதினொரு வயதில், மாத்தளைப் பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் லயத்திலிருந்து தகப்பனின் கையைப் பிடித்துக்கொண்டு வன்னிக்கு வந்தது. மிச்சம் ஏழும் வன்னிக்குள்ளேயே. ஒவ்வொரு தரமும் ஊரெல்லாம் செய்ததைத்தான் அவரும் செய்தார்: கூரைத் தகரத்தையும் கதவையும் யன்னலையும் கழற்றி லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஏற்றிக்கொண்டு போய் அடுத்த ஊரில் திரும்பப் பூட்டுவது. ஆனால் மற்றவர்கள் ஆணி அடித்தார்கள். ஆணியைப் பிடுங்கினால் தகரம் கிழியும், நேரமும் போகும், ஷெல்லுக்கு அந்தப் பொறுமை இல்லை. மூன்றாம் இடப்பெயர்வோடு வீரபாகு ஆணியை விட்டுவிட்டார். அதற்குப் பிறகு அவர் கட்டியதெல்லாம் நட்டும் போல்டும்தான். செட்டிகுளத்து அகதி முகாமிலிருந்து 2010இல் வந்து கட்டிய இந்த வீடும் அப்படியே: பன்னிரண்டு இரும்புக் குழாய்த் தூண்கள், ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு கல்லின்மேல் வைத்த இரும்புத் தகடு, மொத்தம் எண்பத்துநாலு போல்ட். அத்திவாரம் கிடையாது. அத்திவாரத்தைத் தூக்கிக்கொண்டு போக முடியாது என்பது அவர் கட்சி. போல்டுகள் இறுகிவிடக் கூடாதென்று மாதத்துக்கு ஒரு தரம் தேங்காய் எண்ணெய் தடவுவார். சண்டை முடிந்து இத்தனை வருடமாயிற்றே என்று யாராவது சொன்னால், முன்னரும் இரண்டு தரம் முடிந்துதான் இருந்தது என்பார்.

2019இல் மல்லாவிச் சந்தையில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் மஹ்றூப், வவுனியாவிலிருந்து ஒரு பெட்டி ஸ்பிரே ஒயில் கொண்டுவந்து இறக்கினார். மஹ்றூப் முல்லைத்தீவுக்காரர், தொண்ணூறில் முஸ்லிம்களைப் போகச் சொன்னபோது புத்தளம் போய், இருபது வருடம் அங்கே கிடந்து திரும்பியவர். பேணியின் தலையை அமத்தினால் சீறும், மண்ணெண்ணெயும் பழுத்த பழமும் கலந்த ஒரு மணம் வரும். நட்டுக்கும் செயினுக்கும் பிணைச்சலுக்கும் என்றுதான் பேணியில் எழுதியிருந்தது. எங்கள் சனம் எழுதியிருப்பதோடு நிற்கிற சனமா? முதலில் கேற்றுக்கும் சைக்கிளுக்கும் வோட்டர் பம்புக்கும் அடித்தார்கள். பிறகு பலாப்பழம் வெட்டும் கத்திக்கு அடித்தார்கள், பால் ஒட்டவில்லை. காலில் ஒட்டிய தார் போயிற்று. பள்ளிக்கூடப் பையின் சிப் ஓடியது, புதுச் சட்டியின் லேபிள் உரிந்தது, ஊதிய விரலில் இறுகிய கலியாண மோதிரம் கழன்றது, மண்வெட்டியில் சேறு பிடிக்கவில்லை, கூரை மூலையில் குளவி கூடு கட்டவில்லை. முழங்காலுக்கு அடித்தவர்களும் உண்டு. டொக்டர் ஏசினார், அவர்கள் வற்றாப்பளைக் கோயிலுக்கு நடந்தே போய் வந்துவிட்டு அந்த ஏச்சைக் கேட்டார்கள்.

பேணியில் எழுதாததும் நடந்தது. ஏழு வருடமாக இழுபட்ட ஒரு சம்பந்தம், பெண் வீட்டுக் கேற்றுக்கு அடித்த கிழமையே பொருந்தியது. தயாளினி ரீச்சரின் தையல் மெஷின் துணி இல்லாத நேரத்திலும் தைத்துக்கொண்டிருந்தது. சாத்தி வைத்த சைக்கிள்கள் ஆளில்லாமல் சந்தி வரை போய் வந்தன. பூட்டிய கேற்றுகள் பூட்டியபடி இருக்கவில்லை. அடித்தது எதுவும் இறுகவில்லை, அடித்தது எதுவும் ஓய்ந்தும் இருக்கவில்லை. ஊர் முழுக்க நான்கு வருடம் ஏதோ ஒன்று ஆடிக்கொண்டும் சுழன்றுகொண்டும்தான் இருந்தது. மனிதருக்கும் நித்திரை குறைந்தது. பழகிவிட்டோம்.

வீரபாகுவோ தேங்காய் எண்ணெயைக் குசினிக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு, வெள்ளிக்கு வெள்ளி எண்பத்துநாலு போல்டுக்கும் ஸ்பிரே அடித்தார். எந்த நேரமும் புறப்படலாம் என்று நாலு வருடம் கிழமை தவறாமல் சொல்லிக்கொண்டிருந்தால் ஒரு வீடு என்ன செய்யும்? புறப்பட்டது. முதல்நாள் ஐந்தடி, அடுத்தநாள் ஆறடி. சில நாள் நிற்கும், பிறகு சேர்த்துப் போகும். வேலி அதற்கு விலகி வழிவிட்டது. மூன்றாம் கிழமை முடிய, வீடு ஒழுங்கைப் பாதையைக் கடந்து நிஷாந்தன் நிலக்கடலை விதைத்திருந்த கச்சான் தோட்டத்துக்குள் நின்றது. நிஷாந்தன் நல்ல பெடியன். வீடு மிதித்த செடிகளுக்கு ஒரு சதமும் கேட்கவில்லை. ஆனால் எல்லோரும் பார்த்தது வீடு போன திசையைத்தான். அது ஒரு நாளும் மேற்கே திரும்பவில்லை. தர்மபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, அப்பால் கடல் என்று, 2009இல் கடைசிச் சண்டைக்குள் சனம் போன அதே வழியில், கிழக்கே போய்க்கொண்டிருந்தது. அந்த வழியால் போன வீடுகளில் ஒன்றின் கதவுகூடத் திரும்பி வரவில்லை.

பேச்சியம்மா பயந்தார். பயத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அவர்கள் இருந்த நாற்பத்தேழாம் காணித் துண்டுக்குப் பெர்மிட் கிடையாது. பெர்மிட் இல்லாததால் வீட்டுத்திட்டமும் இல்லை, கடனும் இல்லை. பேச்சியம்மாவின் தாய் லயத்தில் பிறந்து லயத்தில் செத்தவர். தான் நிற்கிற மண் தன்னுடையது என்று எழுதிய ஒரு கடதாசியை அந்தக் குடும்பத்தில் யாரும் கையால் தொட்டதில்லை. பதினொரு தரம் மனுக் கொடுத்த பிறகு, புரட்டாதிக் கடைசியில் அளந்து பெர்மிட்டுக்கு எழுதும் காணிக் கச்சேரி என்று கடிதம் வந்திருந்தது. அதற்கு முன்னோட்டமாகப் பார்வையிட வந்த காணி உத்தியோகத்தர் சிவரூபி, நாற்பத்தேழாம் துண்டில் கிணற்றையும் பன்னிரண்டு வெறும் கல்லையும் கண்டு, ஒழுங்கைக்கு அப்பால் கச்சான் தோட்டத்தில் வீட்டையும் கண்டார். கிளிநொச்சிப் பிள்ளை, இதைவிடப் பார்த்திருப்பார்.

“ஐயா, வீடு உங்கட துண்டுக்குள்ள நிக்கவேணும்” என்றார். “நான் அளக்க வாற அண்டைக்கு மட்டும் நிண்டாலே காணும். ஆனா நிக்கவேணும்.”

வீரபாகு தலையாட்டினார். அடுத்த வெள்ளி வழமைபோல ஸ்பிரே அடித்தார். வீட்டுக்குத் தெரியாமலா போகிறது, அதற்கு ஏதோ மணத்திருக்கிறது என்று பக்கத்து வீட்டாருக்குச் சொன்னார். சண்டை வருவதை மாடு முதலில் அறியும், நாய் பிறகு அறியும், மனிசன் கடைசியாக அறிவான் என்பது இடம்பெயர்ந்தவர்களின் பாடம். வீடும் அறியும் என்று அவர் சேர்த்துக்கொண்டார். அவர் முகத்தில் பயத்தோடு ஒரு பெருமையும் இருந்தது. இவ்வளவு காலம் பைத்தியம் என்றவர்கள் இப்போது என்ன சொல்வார்கள்?

பேச்சியம்மா மல்லாவிக்குப் பஸ் ஏறி மஹ்றூப்பிடம் போனார். வீட்டை நிற்பாட்ட ஏதும் இருக்கிறதா என்று கேட்டார். மஹ்றூப் தட்டுகளை எல்லாம் ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னார்: “கழட்டுறதுக்குத்தான் அக்கா இதெல்லாம். நிக்கிறதுக்கு என்ட கடையில ஒண்டுமில்ல. இருந்தா நான்தான் முதல்ல வாங்கியிருப்பன்.”

பேச்சியம்மா அங்கேயே, ஆணிப் பெட்டிகளுக்கு நடுவில் நின்றபடி யோசித்தார். அவருக்கு முள்ளிவாய்க்கால் நினைவுக்கு வந்தது. அந்தக் கடற்கரையில் கொண்டுபோன இரும்பெல்லாம், கத்தி, திறப்பு, தண்ணி வாளியின் காது, ஒரு கிழமைக்குள் துருப்பிடித்து இறுகியது. அந்த நாட்களைப் பற்றி அவர் யாருக்கும் கதைப்பதில்லை. அன்று கதைத்தார், கதைத்து முடித்துக் கடல் தண்ணீர் வேண்டும் என்றார். முல்லைத்தீவிலிருந்து மீன் ஏற்றி வரும் லொறியில் மறுநாளே ஆறு பிளாஸ்ரிக் கான் கடல் தண்ணீர் வந்து இறங்கியது.

வீட்டைத் திருப்பிக் கொண்டுவருவது கஷ்டமாக இருக்கவில்லை. நாலு வருட ஒயில் அல்லவா, எட்டுப் பேர் தள்ள வழுக்கிக்கொண்டு வந்தது. ஒழுங்கையில் மட்டும் கொஞ்சம் சுழன்றுவிட்டது, நாற்பத்தேழாம் துண்டுக்குள் வந்தபோது முன்வாசல் பின்பக்கம் பார்த்தது. யாரும் அதைத் திருத்த நேரம் செலவழிக்கவில்லை. கச்சேரிக்குப் பதினொரு நாள் இருந்தது. பேச்சியம்மா காலையும் மாலையும் ஒரு கிண்ணத்தோடு தூண் தூணாகப் போய் போல்டுகளுக்குக் கடல் தண்ணீர் ஊற்றினார். துருப்பிடிக்கும் வரை வீடு போகாமல் இருக்க, ஊர் முறை வைத்துக் கிழக்குச் சுவரில் சாய்ந்து நின்றது. தயாளினி ரீச்சர் கொப்பி திருத்தியபடி சாய்ந்தார். நிஷாந்தன் போன் பார்த்தபடி சாய்ந்தான். முதுகில் வீடு மூச்சு விடுவது தெரிகிறது என்று சாய்ந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள்.

ஐந்தாம் நாள் மத்தியானம், எல்லோரும் சாப்பாட்டுக்குப் போன இடைவெளியில் வீடு ஒன்றரை அடி நகர்ந்தது. பேச்சியம்மா சுற்றி வந்தார். மூன்று தூண்களில் மண்ணெண்ணெயும் பழுத்த பழமும் மணத்தது. நாலாவது தூணடியில் வீரபாகு பேணியோடு குந்தியிருந்தார். பேச்சியம்மா அவர் எதிரில் மண்ணிலே உட்கார்ந்தார்.

“மறுபடி ஓட வேண்டி வந்தா?” என்று கேட்டார் வீரபாகு.

“ஏழு தரம் உங்க பின்னாடி பெட்டியில ஏறுனேன்” என்றார் பேச்சியம்மா. “ஏன்னு ஒரு தரம் கேட்டேனா? இனிமே ஏறமாட்டேன். வீடு போகுதுன்னா நீங்களும் அதோட போங்க. நா கிணத்தடியில இருந்துக்கிறேன்.”

அந்தப் பெண் சொன்னால் செய்பவர். இது பயமுறுத்தல் இல்லை, ஏற்கனவே முடிந்த முடிவு என்பது வீரபாகுவுக்கு விளங்கியது. அந்த ஏழு இடப்பெயர்விலும் அவர் எதை விட்டுப் போனாலும் இவரை விட்டுப் போனதில்லை. பேணியை நீட்டினார். பேச்சியம்மா வாங்கிக்கொண்டு அன்றே மஹ்றூப்பிடம் கொடுத்துவிட்டு, பதிலுக்கு ஒரு கிலோ ஆணி வாங்கி வந்தார். மூன்று தூணையும் சவர்க்காரம் போட்டுக் கழுவி, முதலிலிருந்து கடல் தண்ணீர் ஊற்றினார். மறுநாள் மாலை முறைக்கு வீரபாகுவே போய்ச் சுவரில் சாய்ந்தார். எட்டாம் நாள் நட்டுகளின் விளிம்பு செம்மஞ்சளாகியது. பத்தாம் நாள் சுவரில் மூச்சு நின்றது.

பதினோராம் நாள் சிவரூபி நாடாவும் படிவங்களுமாக வந்தார். நாலு மூலையையும் அளந்தார். வீடு துண்டுக்குள் நின்றது, எல்லைக்கு நாலடி உள்ளே. கதிரையில் உட்கார்ந்து படிவத்தை நிரப்பிக்கொண்டு வந்தவர் ஓரிடத்தில் பேனையை நிறுத்தினார்.

“நிரந்தர வீடோ, தற்காலிக வீடோ? ஒண்டைத்தான் எழுதலாம், ஐயா.”

வீரபாகு எழும்பினார். உள்ளே போய் ஸ்பானரை எடுத்து வந்து முதல் தூணின் முதல் போல்டில் மாட்டி, இரண்டு கையாலும் இழுத்தார். அசையவில்லை. அடுத்ததில் மாட்டினார். சிவரூபிக்குப் பேச்சியம்மா தேத்தண்ணி கொடுத்தார். முதல் தூண் முடிந்து இரண்டாம் தூண், மூன்றாம் தூண் என்று, முழு உடம்பையும் கொடுத்து இழுத்தார். சேர்ட் நனைந்தது, உள்ளங்கை கிழிந்தது. எண்பத்துநாலாவதும் அசையாமல் நின்றபோது ஸ்பானரை மண்ணில் போட்டுவிட்டுத் தூணடியில் குந்தினார்.

“கழறலம்மா” என்றார். “ஒண்ணுகூட கழறல. நிரந்தரம்னு எழுதுங்க.”

சிவரூபி எழுதினார். வீரபாகு அழுதார். லயத்திலிருந்து ஓடிவந்த நாளில் அழாதவர், விசுவமடுவிலும் முள்ளிவாய்க்காலிலும் எதைக் கண்டும் அழாதவர், ஒரு வெளி ஆளுக்கு முன்னால் வாய்விட்டு அழுதார். பேச்சியம்மா பக்கத்தில் போய் இருந்தார். பெர்மிட் தை மாதம் இருவர் பெயரிலும் வந்தது. முன்வாசல் இன்றும் பின்பக்கம்தான் பார்க்கிறது. தபால்காரர் சுற்றி வருகிறார். ஊரில் மற்றக் கேற்றுகள் இன்னும் ஆடிக்கொண்டுதான் இருக்கின்றன. வீரபாகு அன்று உத்தியோகத்தர் போன கையோடு பாயைப் போட்டுப் படுத்தார். மறுநாள் மத்தியானம்தான் எழும்பினார். வீடு அங்கேயே நின்றது.